அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் எதிரணி

கெட்டில் ரிவர் கல்லூரி,
விஸ்கான்சின்.
மே மாதம், விடாத மழை.

என் மதிப்புக்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக என் பயத்துக்கும் உரிய மார்லிஸ் அக்காவுக்கு,

தம்பி லோவல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கோரினும் அவள் வளர்க்கும் தக்காளி நாற்றுகளும் சுகம். என் இடது முட்டி மட்டும் வானிலை அறிக்கை வாசிப்பதை நிறுத்தவில்லை. நீ கனடாவிலிருந்து மீன்பிடிப் பயணம் முடிந்து, கொசுக்கள் மிச்சம் வைத்த உடம்போடு வீடு வந்து சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். பெரிய மீனாக மாட்டியிருந்தால் ரொம்ப சந்தோஷம். மனது நிறைந்திருக்கும்போது நீ இதைப் படிக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒன்றும் மாட்டவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டு, நாளைக்குக் காப்பி குடித்தபிறகு படி.

விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இருந்த ஏரியில் சிக்னல் கிடையாது. இருந்திருந்தாலும் நான் பாதி சொல்வதற்குள் நீ போனை வைத்திருப்பாய். கடிதத்தை எறிந்தால் குனிந்து எடுத்து மீதியைப் படிக்கலாம். அந்த ஒரு வசதிக்காகத்தான் எழுதுகிறேன். அனிகாவின் கல்யாணத்தைப் பற்றித்தான். பதறாதே, கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை டெட் க்ராஸும் மாறவில்லை. அந்தப் பையன் தங்கமானவன். ஒரு சின்ன விஷயம் மட்டும் மாறியிருக்கிறது. அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நீ நடுவில் பாய்ந்து கடைசிப் பக்கத்துக்குப் போகாதே.

ஆர்விட் அத்தான் இறந்தபிறகு, அப்பாவின் இடத்தில் நின்று அனிகாவின் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப்போக வேண்டியவன் நான். தாய்மாமன் நான் ஒருவன்தான். நீ கேட்ட அன்றைக்கே சரி என்றேன். கேட்காமலிருந்தால்தான் அழுதிருப்பேன். கல்யாணத்தை எல்லோரும் சனிக்கிழமையில் வைக்கும்போது, "சனிக்கிழமைன்னா உனக்கு எங்கயாவது ஆட்டம் இருக்கும், நீ பாதியில ஓடுவ" என்று சொல்லி, எனக்காகவே செப்டம்பர் இரண்டாவது ஞாயிறாகப் பார்த்து வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதும் அந்த முட்டைப்பந்து ஆட்டம் வருமே என்று டெட்டின் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "அப்ப நீங்க வீட்லயே உக்காந்து பாருங்க, கல்யாணத்த நாங்க பாத்துக்கறோம்" என்று நீ சொன்னதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இப்போது இவ்வளவு வியர்க்காது.

எல்லாம் ஆரம்பித்தது எங்கள் விளையாட்டுத் துறைத் தலைவி கான்ஸ்டன்ஸ் ப்ரூயிட் அம்மாவின் அறையில். ஜனவரியில் என்னைக் கூப்பிட்டார். எதிரே உட்காரவைத்தார். நல்ல மனுஷி, ஆனால் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இருக்காது.

"லோவல், போன சீசன்ல நம்ம பொண்ணுங்க எத்தன ஆட்டம் ஜெயிச்சாங்க?"

"முக்கால்வாசி ஜெயிச்சோம் மேடம்."

"அப்புறம் ஏன் தேசியப் போட்டிக்கு நம்மள கூப்பிடல?"

"யாரை ஜெயிச்சோம்னு பாக்கறாங்க மேடம்."

"யாரை ஜெயிச்சீங்க?"

அதற்கு நான் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தேன். அந்தம்மாவும் கொஞ்ச நேரம் பனியைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் போட்டிக்குப் போனா நீங்க கோச். போகலன்னா உங்களுக்கு நல்லபடியா ஒரு வழியனுப்பு விழா வெச்சிடலாம். கேக் நான் சொல்லிடறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

நீ கால்பந்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமலே அறுபது வயதைத் தாண்டியவள், அதனால் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஆட்டங்களில் பாதி, கான்ஃபரன்ஸ் ஆட்டம். அதாவது அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டணி. அவர்களோடு வருஷா வருஷம் ஆடியே தீரவேண்டும், சொந்தக்காரர்களைப் போல, நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மீதிப் பாதிக்கு எதிரணியை நாங்களே தேடிப் பிடிக்கவேண்டும். இங்கேதான் வம்பு. தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் நீ எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று மட்டும் பார்ப்பதில்லை. நீ ஜெயித்தவள் மற்றவர்களை ஜெயித்தாளா, அந்த மற்றவர்கள் வேறு யாரையாவது ஜெயித்தார்களா என்று மூன்று தலைமுறை விசாரிக்கிறார்கள். முந்தைய வருஷம் ஜாம்பவான்களாகப் பார்த்துக் கூப்பிட்டேன், வரிசையாக எல்லோரிடமும் உதை வாங்கினோம். போன வருஷம் உஷாராகி, நோஞ்சான்களாகப் பார்த்துக் கூப்பிட்டேன். ஓர் ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டோம். எதிரணிக் கோல்கீப்பர் கடைசியில் எங்கள் பெண்களிடம் வந்து, எங்கள் கல்லூரியில் சேர என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். குழு சிரித்துவிட்டது. ஆக, எனக்குத் தேவை எப்படிப்பட்ட அணி என்றால், ஊரில் இருக்கிற எல்லோரையும் துவம்சம் செய்யவேண்டும், எங்களிடம் மட்டும் தோற்கவேண்டும். கேட்பதற்குப் பேராசையாக இருக்கும். ஆனால் நாட்டில் உள்ள ஒவ்வொரு கோச்சும் இதே அணியைத்தான் தேடுகிறான், அதனால் பேசி முடிப்பதற்குள் உயிர் போகிறது.

உதாரணத்துக்கு ஹப் லிண்ட்க்விஸ்டைச் சொல்லலாம். என் கல்லூரி அறைத்தோழன், உன் கல்யாண விருந்தில் ஏரிக்குள் விழுந்தானே, அவன்தான். இப்போது மினசோட்டாவில் கோச். அவனோடு ஓர் ஆட்டம் போடலாம் என்று போன் செய்தேன். இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு: எதிரணியைக் கூப்பிடும்போது தன் அணியைப் பற்றி அழவேண்டும்.

"வா லோவல், வா. ஆனா உன் தரத்துக்கு நாங்க இல்லப்பா. நாலு பேருக்கு முட்டி போச்சு. நடுக்களத்துல ஆடுறவ நாடக கோஷ்டியில சேந்துட்டா" என்றான் ஹப்.

"உனக்காவது நாடகம். என் பொண்ணுங்களுக்குப் பந்து எந்தக் கலர்னே மறந்துபோச்சு. நீங்கதான் இந்த வருஷம் பின்னி எடுப்பீங்கன்னு ஊரே பேசுது."

"எந்த ஊரு? எங்க ஊர்ல எங்களுக்கு இரங்கல் கூட்டம் போடறாங்க."

"ஹப், உங்க அணி போன மாசம் உள்ளரங்கு ஆட்டத்துல எல்லாரையும் அடிச்சுதாமே."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப முட்டி?"

"சரியாப் போச்சு. நீ எனக்கு ஒண்ணு சொல்லு, உன் பொண்ணுங்க வசந்தகால ஆட்டத்துல யார்கிட்டயும் கோல் வாங்கலியாமே. கலர் மறந்தவங்க ஆடுற ஆட்டமா அது?"

இருவரும் சிரித்தோம். குடும்பம், குழந்தைகள், அவனுடைய படகு எல்லாம் விசாரித்துவிட்டு, ஆட்டம் எதுவும் முடிவு செய்யாமல் போனை வைத்தோம். அவனுக்கும் எனக்கும் இருபது வருஷமாக இப்படித்தான். ஒருவனுடைய அணி நன்றாக இருக்கும் வருஷத்தில் மற்றவனுக்குத் தேதி இருக்காது.

இதற்கு நடுவில் எங்கள் கல்லூரித் தலைவர் ஒரு நாள் என் தோளில் கை போட்டார். தலைவர் தோளில் கை போட்டால் யாரோ ஒரு பழைய மாணவர் பணக்காரராகி இருக்கிறார் என்று பொருள். வெண்டெல் ஹாஸ்கேம்ப் என்று ஒருவர், கார் ஷெட் கதவு செய்து சம்பாதித்து அரிசோனாவில் குடியேறியவர், சாவதற்குள் எங்கள் பெண்கள் ஆடுவதை ஒரு முறை பார்க்கவேண்டும் என்கிறாராம். பார்த்தால் மைதானத்துக்கு விளக்குக் கம்பம் போட்டுத் தருவாராம். ஆனால் குளிருக்குப் பயந்து அவர் இங்கே வரமாட்டார், நாங்கள்தான் அங்கே போகவேண்டும். ஆகஸ்டில், அரிசோனாவுக்கு. அங்கே தோசைக்கல்லில் ஆடுவதும் மைதானத்தில் ஆடுவதும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். தலைவர் கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. சரி, அந்த ஊர்க் கல்லூரியோடு பேசி ஆட்டத்தை முடிவு செய்தேன். பிறகுதான் தெரிந்தது, ஹாஸ்கேம்பின் பேத்தி அந்தக் கல்லூரி அணியில் ஆடுகிறாள். மனிதர் பார்க்க ஆசைப்பட்டது எங்கள் பெண்களைத்தான், ஆனால் அவர்கள் பேத்தியிடம் தோற்பதை. அந்த அணி நாட்டிலேயே முதல் பத்துக்குள் வருவது. ஆக ஓர் ஆட்டம் விளக்குக் கம்பத்துக்கு நேர்ந்துவிட்டாயிற்று.

அடுத்தது எங்கள் கோல்கீப்பர் டெஸ்ஸாவின் அப்பா. ஓல்ஹவுசர் என்று பெயர், வடக்கு டகோட்டாவில் சின்ன விமானத்தில் பறந்து வயல்களுக்கு மருந்து தெளிக்கிறவர். டெஸ்ஸாவை எங்கள் கல்லூரியில் சேர்க்கும்போது, அவள் படிப்பை முடிப்பதற்குள் அவள் ஊர்ப்பக்கம் ஓர் ஆட்டம் ஆடுவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சேரும் பெண்ணின் வீட்டில், சமையலறை மேசையில், அவள் அம்மா இரண்டாம் முறை பலகாரம் எடுத்து வைக்கும்போது எந்தக் கோச்சும் எதையும் சொல்லிவிடுவான். இந்த வருஷம் அவளுக்குக் கடைசி. அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கல்லூரி. அதை ஜெயித்தால் எங்கள் மதிப்பு ஏறாது, இறங்கும். டெல்ஃபினா தலையில் அடித்துக்கொண்டாள்.

டெல்ஃபினா ஒரோஸ்கோ என் துணைக் கோச். டெக்சாஸ்காரி, கணக்கில் புலி, வாயில் அதைவிடப் பெரிய மிருகம்.

"கோச், இந்த ஆட்டத்த ஜெயிச்சா நமக்கு நஷ்டம். தோத்தா அவமானம். எதுக்குப் போறோம்?"

"வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"விமானத்துல மருந்து அடிக்கிறவருக்கு."

"அவரு நம்ம மேல அடிக்காம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் எழுதிக்கொண்டாள். ஓல்ஹவுசருக்குப் போன் செய்து சொன்னேன். "மாட்டுக்கொட்டகைக்குப் பெயின்ட் அடிக்கணும்னு இருந்தேன், இப்பவே அடிச்சிடறேன்" என்றார். எங்கள் பேருந்து அவர் வீட்டு வழியாகத்தான் போகுமாம். அன்றைக்கு நான் நல்லவன் என்று எனக்கே தோன்றியது அக்கா. இரண்டு வாரம் வரைக்கும் அது நீடித்தது.

ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து டெல்ஃபினா என் அறைக்குள் ஓடிவந்தாள். தேடிய அணி கிடைத்துவிட்டதாம். இல்லினாயில் மார்ஷ் ஹாலோ கல்லூரி. அவர்களுடைய கான்ஃபரன்ஸில் மற்ற எல்லோரும் சொத்தை, அதனால் இவர்கள் வரிசையாக ஜெயித்துக்கொண்டே போவார்கள். ரோமி ஜாஸ்ட்ரோ என்று ஒரு பெண் முன்வரிசையில் இருக்கிறாள், அவள் காலில் பந்து பட்டால் வலை கிழியும். ஆனால் பின்வரிசை, கதவு கழன்ற கொட்டகை. ரோமியை மட்டும் டெஸ்ஸாவும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டால், மீதிப் பெண்கள் உள்ளே நடந்துபோய்க் கோல் போட்டு வரலாம். எல்லோரையும் அடிக்கும், எங்களிடம் மட்டும் தோற்கும். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்தக் கோச், பெர்னடெட் குவில், எடுத்த உடனே காரியத்துக்கு வந்தாள்.

"லோவல், எனக்கு ஒரே ஒரு தேதிதான் இருக்கு. செப்டம்பர் ரெண்டாவது ஞாயிறு, எங்க மைதானம். வேணும்னா இப்பவே சொல்லு, இன்னொருத்தன் லைன்ல நிக்கறான்."

எதிரே டெல்ஃபினா இரண்டு கையையும் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் ஆடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு கையில் முக்காடு பிடிப்பதுபோலவும் மறு கையில் மோதிரம் போடுவதுபோலவும் செய்துகாட்டினாள். கோப்பை ஜெயிக்கும் அணிக்குத் தரும் மோதிரத்தை வாங்கப்போகிறோம் என்கிறாள் என்று புரிந்துகொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, "வர்றோம் பெர்னடெட், வார்த்தை மாறமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

டெல்ஃபினா நாற்காலியில் உட்கார்ந்தாள். "கோச், அன்னைக்கு உங்க அக்கா பொண்ணு கல்யாணம்" என்றாள்.

வீட்டுக்குப் போனால் குளிர்பதனப் பெட்டிக் கதவில் அனிகாவும் டெட்டும் படகில் உட்கார்ந்து சிரிக்கும் அந்த அட்டை, தேதியோடு. அதைப் பார்க்காமல் பால் எடுக்க முடியாது. கோரினிடம் சொன்னேன். அவள் நாற்றுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

"மார்லிஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போறேன். நீல கவுன் எடுத்தாச்சு" என்றாள்.

விளக்குக் கம்பத்துக்கு ஒரு நாள் கொடுத்தேன், ஓல்ஹவுசருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், சொந்த அக்கா எனக்காக ஒதுக்கிய நாளில் பேருந்து ஏறப்போகிறேன். ஆட்டத்தை விட்டால் அந்தக் கேக் வரும். எனக்கு மட்டுமென்றால் போகட்டும் என்றுகூடச் சொல்வேன், ஆனால் டெஸ்ஸாவோடு சேர்த்து ஐந்து பெண்களுக்கு இது கடைசி வருஷம். நான்கு வருஷமாகத் தேசியப் போட்டி, தேசியப் போட்டி என்று நான் சொல்லிச் சொல்லி, மழையிலும் ஓடியவர்கள். தூக்கம் போயிற்று. பெர்னடெட்டை மறுபடி கூப்பிட்டேன்.

"சனிக்கிழமைக்கு மாத்தலாமா? ஞாயித்துக்கிழமை எனக்குப் பல் பிடுங்கணும்."

"லோவல், ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் பல் பிடுங்கறான்?"

"சரி, பல் இல்ல. என் அக்கா பொண்ணு கல்யாணம். நான்தான் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

"வாழ்த்துகள். சனிக்கிழமை எங்க மைதானத்துல பேண்டு வாத்தியப் போட்டி. வெள்ளிக்கிழமை கான்ஃபரன்ஸ் ஆட்டம்." பிறகு கொஞ்சம் இரங்கியவள் போலச் சொன்னாள்: "கல்யாணத்த மாத்து. அது என்ன கான்ஃபரன்ஸ் ஆட்டமா, தேதி மாத்தக்கூடாதுன்னு இருக்கறதுக்கு?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கா, இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு அது கேலியாகக் கேட்கவில்லை, ஒரு வழியாகக் கேட்டது.

இப்போது மூச்சை இழுத்து விட்டுக்கொள். நீ கனடாவில் இருந்தாய். உன்னைக் கேட்க வழியில்லை. நான் பாதிரியார் ஹால்வர் எங்கெப்ரெட்சனைக் கூப்பிட்டேன், சும்மா, சனிக்கிழமை தேவாலயம் காலியா என்று விசாரிக்க மட்டும். அந்த நல்ல மனிதர் பதிலே சொல்லாமல், "அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் வீட்ல இருக்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்குத் தொலைக்காட்சியில் முக்கியமான முட்டைப்பந்து ஆட்டமாம். ஆறு மாதமாக மனதுக்குள்ளேயே போராடிக்கொண்டிருந்திருக்கிறார். சனிக்கிழமை காலை பதினொரு மணி என்று அவரே எழுதிக்கொண்டு, நான் தடுப்பதற்குள் டெட்டின் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். டெட்டின் அப்பா மண்டபத்துக்குப் போன் செய்துவிட்டார். மண்டபத்துக்காரன் சமையல்காரிக்கு. எனக்குப் போன் திரும்பி வந்தபோது க்ராஸ் குடும்பமே பின்னால் கைதட்டிக்கொண்டிருந்தது. "உங்க அக்காவுக்கு எங்க சார்பா நன்றி சொல்லுங்க. இவ்வளவு பெருந்தன்மையா இருப்பாங்கன்னு நாங்க நினைக்கல" என்றார் டெட்டின் அப்பா. நீதான் மாற்றினாய் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் உன் பெயரைக் கெடுக்க எனக்கு மனது வரவில்லை.

பிறகு அனிகாவைக் கூப்பிட்டேன். பயந்துகொண்டேதான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கேக் உட்பட.

"அனிகா? இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா. அப்பாவ நினைச்சேன். உங்க ஆட்டத்துக்கு மடக்கு நாற்காலியத் தூக்கிட்டு வந்து, ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாம ஆஃப்சைடு ஆஃப்சைடுன்னு கத்துவாரே."

"நடுவர் ஒரு தடவ வெளிய அனுப்பிட்டாரு."

"ஆமா, நான் போய் கார்ல அவர்கூட உக்காந்திருந்தேன்." சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். "மாமா, நீங்க கூட நடக்கறதா இருந்தா எனக்குச் செவ்வாய்க்கிழமைகூடச் சரி. நீங்க இல்லாத ஞாயித்துக்கிழமை எனக்கு எதுக்கு? ஆனா அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் அன்னைக்கு ஊர்லயே இல்லன்னு வெச்சுக்குங்க."

இதுதான் விஷயம். கல்யாணம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. உன் விருந்தாளிகளுக்கு ஒரு நாள் முன்னதாகப் பசிக்கும், அவ்வளவுதான். நான் கோட்டு சூட்டுப் போட்டு அனிகாவோடு நடந்து, விருந்தில் இரண்டு ஆட்டம் ஆடி, உன்னோடும் ஒரு சுற்று ஆடி, சாயங்காலம் காரை எடுத்து இல்லினாய் போய், மறுநாள் மார்ஷ் ஹாலோவை ஜெயித்துவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை. யோசித்துப் பார்த்தால் சனிக்கிழமைதான் நல்ல நாள், இத்தனை நாள் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் எல்லோரும் மறுநாள் வேலை என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தயவுசெய்து தேதியை மறுபடி ஞாயிறுக்கு மாற்றிவிடாதே. மாற்றினால் மூன்று பேர் வாழ்க்கை நாசமாகும்: என்னுடையது, பாதிரியாருடையது, டெட்டின் அப்பாவினுடையது.

கோரின் உன்னை விசாரித்தாள். தக்காளி காய்த்தால் முதல் கூடை உனக்கு. உன் முதுகுவலி குறையட்டும், உன் படகு மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பட்டும், மணமக்கள் நீ நினைப்பதற்கு மேல் நன்றாக இருக்கட்டும். என்னை அடிப்பதாக இருந்தால் கல்யாணம் முடிந்தபிறகு அடி, போட்டோவில் தெரியும்.

உன் அன்பை விட்டால் போக்கிடமில்லாத தம்பி,
லோவல் பாக்கன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன சமயத்தில் டெல்ஃபினா வந்தாள், அதனால் மறுபடி பிரித்தேன். அக்கா, மேலே எழுதியதை எல்லாம் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். நடந்தது இது. மார்ஷ் ஹாலோவின் ரோமி ஜாஸ்ட்ரோ அந்தக் கல்லூரியை விட்டுவிட்டாள். அவளுக்குப் பாலாடைக்கட்டி செய்யும் படிப்புப் படிக்க ஆசையாம். இல்லினாயில் அவள் கல்லூரியில் அது கிடையாது. எங்கள் கல்லூரியில் இருக்கிறது. இன்று காலை இங்கே சேர்ந்துவிட்டாள். சத்தியமாக நான் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பெர்னடெட் குவில் நம்புவதாக இல்லை. போனில் அவள் டெல்ஃபினாவிடம் என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை மழை நாளில் எழுதினால்கூடக் காகிதம் பற்றிக்கொள்ளும். கடைசியில் ஆட்டம் ரத்து என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். ரோமி இல்லாத மார்ஷ் ஹாலோ இனி யாரையும் ஜெயிக்காது, அவர்களை ஜெயித்தும் எங்களுக்குப் பயனில்லை, ஆகவே சண்டையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலி. சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன். டெல்ஃபினாவும் தட்டினாள்.

"இன்னும் கேளுங்க கோச். நீங்க கடிதம் எழுதிட்டிருந்த நேரத்துல நான் புது எதிரணியப் பிடிச்சாச்சு. ஓஹாயோவுலேருந்து. ரொம்பப் பலமான அணி, ஆனா ரோமி வந்தாச்சுல்ல, அடிச்சிடலாம். அவங்களே இங்க வர்றாங்க. கையெழுத்தும் போட்டாச்சு."

"என்னைக்கு?"

"செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை குடுத்தாங்க, நான்தான் கறாரா முடியாதுன்னுட்டேன். அன்னைக்கு எங்க கோச்சுக்குக் கல்யாணம் இருக்கு, உயிரே போனாலும் அந்த நாளைத் தொடமாட்டோம்னேன்."

அந்தப் பெண்ணை என்ன சொல்வது? கல்யாணத்தை மாற்றிய கதையை நான் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆகவே, அக்கா, கல்யாணம் நீ முதலில் வைத்தபடியே ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும். நீ வைத்த நாள்தான் எப்போதும் நல்ல நாள். பாதிரியாரிடமும் க்ராஸ் குடும்பத்திடமும் யாராவது சொல்லவேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் காசு சுண்டுவோமே, அதுபோல உன் சார்பிலும் என் சார்பிலும் நான் இங்கேயே நேர்மையாகச் சுண்டிப் பார்த்துவிட்டேன். நீதான் சொல்லவேண்டும் என்று விழுந்திருக்கிறது.